கோணல் தையல்

அக்கா,

இன்று மதியம் காற்று திசை மாறிவிட்டது. காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள், புடவையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்கும் கடற்கழிக்கும் நடுவே எத்தனையோ கட்டிடங்கள் முளைத்துவிட்டன. பக்கத்தில் கடல் இருக்கிறது என்ற நினைப்பே இங்கே யாருக்கும் கிடையாது. இருந்தாலும் மழைக்காலம் தொடங்கும் முன் ஏதாவது ஒரு நாள், உப்பும் அழுகிய பாசியும் கலந்த அந்த வாடை வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது. "கடலு வாயத் தொறந்தா இந்த வாடதான் வரும், தாயி" என்பீர்கள் நீங்கள். பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த கீழ்வீட்டுப் பெண், "என்ன சுகமான காத்து ஆன்ட்டி!" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது நான் உங்களைவிட மூத்தவள். நீங்கள் வாழாத வயதையெல்லாம் நான் வாழ்ந்து முடித்துவிட்டேன். அதனால் என்ன, நீங்கள் அக்காதான்.

என் கணவரை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்ல ஒரே கதைதான் உண்டு, ரயிலைத் தவறவிடுவது. அப்போது நாங்கள் பம்பாயில் மாட்டுங்காவில் இருந்தோம். அங்கிருந்து கோட்டைப் பக்கம் ஆபீசுக்குப் போக ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. அதிலும் அவர் தன் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில்தான் போவார். "இவன் ஏறற வரைக்கும் நின்னா அது ரயில் இல்லேடி, மாட்டுவண்டி" என்பார் மாமனார். போதாததற்குப் பைகளையும் ரயிலிலேயே விட்டுவிட்டு வருவார். அதற்காகத்தான் கிங்ஸ் சர்க்கிள் காப்பிப்பொடிக் கடையில் கொடுத்த மயில் படம் போட்ட மஞ்சள் பைக்கு, என் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து நீளமாக ஒரு வார் தைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குறுக்கே மாட்டிக்கொள்ளலாம், தொலையாது. எனக்குத் தையல் வராது. மாமியார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தையலா, குடிகாரன் நடையா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கல்யாணமாகி வந்த முதல் மார்கழி அது. குழந்தை உண்டாகும் முன் தனுஷ்கோடிக்குப் போய் சேதுவில் ஸ்நானம் செய்து பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று மாமியாருக்கு ஒரு வேண்டுதல். இரண்டு பேருமாகக் கிளம்பி மதுரையில் என் பிறந்தவீடு வரை வந்தோம். அங்கே நான் வீட்டுக்கு விலக்காகிவிட்டேன். மூன்று நாள் பின்கட்டு அறை. அவருக்கோ லீவு முடியப் போகிறது. "நான் மட்டும் போய் முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். தொடாத தூரத்தில் முற்றத்தில் நின்று, மயில் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அடுத்து நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ராத்திரிப் புயலில் தனுஷ்கோடி போயிற்று. கடைசியாகப் போன ரயிலும் அதிலிருந்தவர்களோடு போயிற்று. பத்திரிகையில் வந்தது அவ்வளவுதான். மாமனார் மண்டபம் வரை போய்ப் பார்த்தார். பாலம் போய்விட்டது, அதற்கு மேல் விடவில்லை. ராமேஸ்வரம் வரை என் கணவர் போனது தெரிந்தது. அந்த ரயிலில் ஏறினாரா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

"அவன் வண்டியை விட்டிருப்பான்" என்றார் மாமியார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டு மந்திரம். அதுவரை அந்த வீட்டின் அவமானமாக இருந்த ஒரு பழக்கம், அன்று குலதெய்வமாகிவிட்டது. எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறான், நினைவு தப்பியிருக்கிறது, தேறியதும் அடுத்த வண்டிக்கு வந்துவிடுவான்.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்கு இலை போடச் சொன்னார். சாதம், குழம்பு, ரசம், மோர் வரை நான் பரிமாற வேண்டும். பரிமாறிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்க வேண்டும். பிறகு அதே இலையில் நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது வழக்கமாயிற்றே! யாரும் தொடாத இலையில், ஆறிப்போன சாதத்தைப் பிசைந்து வாயில் வைப்பேன். எனக்கு வயது இருபது. தொண்டைக்குக் கீழே இறங்காது. மாமியார் எதிரே உட்கார்ந்து, நான் முழுவதும் சாப்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தலையில் பூ இல்லாமல் ஒரு நாள் இருக்க விடமாட்டார். வரவர அந்த மல்லிகை வாசனையைக் கண்டாலே எனக்குப் பயமாக இருந்தது.

மாமனார் சாஸ்திரிகளைக் கூப்பிட்டுக் கேட்டார். கண்ணால் பார்த்த சாட்சி ஒருத்தர் வந்து சொன்னால் தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தைச் செய்துவிடலாம், சாட்சி இல்லையென்றால் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார் அவர். அதுவரை நான் சுமங்கலி. சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷ இலைகள் என் கண்முன் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா ஒரு நாள் மாமனாரிடம் சொன்னாள். தாராவியில் தன் குடிசை வரிசையில் புதிதாக ஒரு பொம்பளை வந்திருக்கிறாள், தனுஷ்கோடியில் தப்பியவள், புருஷனைக் காணோம், தம்பியின் ஒற்றை அறைக் கோலியில் தங்கியிருக்கிறாள் என்று. மாமனார் உடனே கூட்டி வரச் சொன்னார். நீங்கள் வரப்போகும் நாளன்று மாமியார் என்னைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தன் கையாலேயே எனக்குப் பூ வைத்தார். நெற்றியில் குங்குமத்தை இருமடங்கு பெரிதாக இட்டார். "அவ உன்னைப் பாக்கட்டும். பாத்துட்டு வாயைத் திறக்கட்டும்" என்றார்.

அன்றுதான் பம்பாயில் முதல் மழை. பகலிலேயே விளக்குப் போடும்படி வானம் இறங்கி வந்திருந்தது. தலை முதல் கால் வரை நனைந்து வந்து வாசலில் நின்றீர்கள். வெளுத்த நீலப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. கக்கத்தில் காகிதத்தில் சுற்றி, ஒரு சொட்டு படாமல் நீங்கள் கொண்டு வந்திருந்தது ஒரு வெள்ளைத் துண்டு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை எடுத்து நீங்கள் துவட்டிக்கொள்ளவில்லை.

"துண்டு இருக்கே, தலையைத் துவட்டிக்கறதுதானே?" என்றார் மாமியார்.

"இது அதுக்கு இல்ல, மாமி" என்றீர்கள்.

யாரும் மேலே கேட்கவில்லை.

உங்களுக்கு நாற்காலி போடவில்லை. கூடத்தில் கதவோரம் தரையில் உட்கார்ந்தீர்கள். காப்பி வந்தது, வேலைக்காரர்களுக்கென்று வைத்திருந்த தனி டம்ளரில். இதை எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் டம்ளரை எடுத்தீர்கள். நிமிர்ந்து பார்த்தீர்கள். எதிர்ச் சுவரில் ஆணியில் மயில் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அப்படி நாலைந்து பை இருக்கும். உங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தீர்கள். அப்புறம் நீங்கள் அதைத் தொடவே இல்லை.

"நீ அங்க ரயிலைப் பாத்தியாம்மா?" என்று கேட்டார் மாமனார்.

"கொஞ்சம் கை கழுவிட்டு வாரேன் ஐயா" என்று எழுந்தீர்கள்.

மாமியார் கண் ஜாடை காட்ட, நான்தான் உங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். தொட்டி முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கை கழுவவில்லை. என் நெற்றியையும் தலைப் பூவையும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"நான் பாத்ததச் சொன்னா இதெல்லாம் ஒனக்குப் போயிரும், இல்லையா?"

"போயிடும்."

"சொல்லலைன்னா?"

"பன்னிரண்டு வருஷம் இப்படியே."

"ரெண்டுல ஒனக்கு எது வேணும்?"

அக்கா, என் கல்யாணத்தின்போதுகூட யாரும் என்னைக் கேட்டதில்லை. மாமனார் சாஸ்திரிகளைக் கேட்டார், சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைக் கேட்டார். உனக்கு எது வேண்டும் என்று என்னைக் கேட்ட முதல் ஆள், என் வீட்டில் நாற்காலி கிடைக்காத நீங்கள்தான்.

"நீங்க அவரைப் பார்த்தேளா?" என்றேன்.

நீங்கள் தாழ்ந்த குரலில் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் படகைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று சாயங்காலம் போனவர். காற்று வந்தபோது பக்கத்தில் நின்றவர் கத்தியதுகூடக் கேட்கவில்லை என்றீர்கள். நீங்கள் ஒரு மணல்மேட்டில் கிடந்து பிழைத்தீர்கள். விடிந்ததும் அவரைத் தேடி நடந்தீர்கள். ரயில் பெட்டி ஒன்று தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. அதைத் தாண்டி, மணலில் மனிதர்கள்.

"ஒவ்வொருத்தரையா புரட்டிப் பாத்தேன். எங்க ஆளு இல்ல. இல்லன்னு அப்படியே போட்டுட்டுப் போக மனசு வரல. வெயிலு வேற ஏறுது. கையில கெடைச்சத எடுத்து மூஞ்சிய மூடிட்டு மூடிட்டு நடந்தேன். எங்க ஆளு எங்கன கெடக்காரோ, அவருக்கும் எவளாவது மூடுவால்லா. அங்கன ஒருத்தரு குறுக்க பை மாட்டியிருந்தாரு. மஞ்சப் பை, மயிலு. வாரு மட்டும் செவப்பு. கையால தச்சது. தையலு கோணலு."

"நான் தைச்சது" என்றேன்.

"வார அறுத்து, அந்தப் பையவே மூஞ்சில போட்டேன். உள்ள போயி நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிருதேன், தாயி. ஒன் பொட்டு ஒனக்கு. கர்த்தர் என்னய மன்னிப்பாரு."

எனக்கு அழுகை வரவில்லை. அன்று இரவும் ஒரு இலை போட வேண்டும் என்ற நினைப்புதான் வந்தது. வெயிலில் கிடந்த மனிதருக்கு ஒரு முகம் தெரியாத பெண் பையால் நிழல் போட்டிருக்கிறாள். அவர் பெண்டாட்டி இங்கே அவர் சாப்பிட்டதாகச் சொல்லி அவர் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"பார்த்ததைச் சொல்லுங்கோ, அக்கா" என்றேன். அக்கா என்று அப்போதுதான் முதல்முறை கூப்பிட்டேன்.

கூடத்துக்கு வந்து, நின்றபடியே சொன்னீர்கள். மயில் பை என்றதும் மாமியார் சீறினார். "மாட்டுங்காவில அந்தப் பை இல்லாத வீடு உண்டா? ஊர்லேர்ந்து வரவா போறவா எல்லார் கையிலயும் அதானே! இதை ஒரு சாட்சின்னு சொல்ல வந்துட்டா!"

அவர் சொன்னது நியாயம்தான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையசைத்தேன்.

"வாரு செவப்புத் துணி, மாமி. தையலு கோணக்கோணலா, ஓடம் ஆடுதாப்புல இருந்துச்சு."

குடிகாரன் நடை என்று கேலி செய்த வாய் அது. அது மெல்லத் திறந்தது, மூடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்து, ஒரு குழந்தை கேட்பதைப் போலக் கேட்டார்:

"வெயில் படலையே அவன் மேல?"

"இல்ல மாமி. மூடிட்டேன்."

மாமனார்தான் முதலில் உடைந்து அழுதார். ஓசையே இல்லாமல் இருந்த வீடு அது. அன்று அழுகை தெருவுக்கே கேட்டது. நீங்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் இறங்கிப் போனீர்கள். நீங்கள் போன பிறகு அக்கம்பக்கத்தார் வந்து வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள், சாவைக் கொண்டுவந்தவளாம்! கடலில் வந்த சாவுக்கு உங்கள் கால்தடத்தைக் கழுவினார்கள். என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அக்கா. அந்த வாசல் இப்போது இடிந்து மண்ணாகிவிட்டது, நல்லதுதான்.

காரியம் நடந்தது. பூவும் பொட்டும் போயின. போனபோது வலித்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு வீட்டில் யாரும் இலை போடவில்லை. மாமனார் என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார். மாமியார் உங்களை மறுபடி வீட்டுக்குள் கூப்பிடவே இல்லை. ஆனால் வருஷாவருஷம் திதி முடிந்ததும், புதுத் துண்டு ஒன்றை என் கையில் வைத்து, "அவகிட்டக் குடுத்துடு" என்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அதைச் சாக்கிட்டுத்தான் உங்கள் கோலிக்கு வர ஆரம்பித்தேன். அப்புறம் சாக்குத் தேவைப்படவில்லை. அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கும்போதெல்லாம், "மூஞ்சி வேண்டாம் தாயி, பை போதும்" என்று முடித்துவிடுவீர்கள். துண்டு எதற்கு என்றும் ஒரு நாள் தெரிந்தது. சயான் பக்கம் தண்டவாளத்தைக் கடந்தவர் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். சுற்றிலும் ஒரு கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் கூட்டத்தை விலக்கிப் போய், துண்டை உதறி விரித்து அவர் முகத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தீர்கள். "யாராவது தேடிக்கிட்டு இருப்பாக" என்றீர்கள். மறுநாளே உங்கள் கக்கத்தில் வேறு துண்டு இருந்தது. உங்களோடு நடக்கும்போதெல்லாம் அடுத்தது எங்கே, யாருக்கு என்று உங்கள் கண் தேடிக்கொண்டே போகும்.

எனக்குச் சாட்சி சொன்ன உங்களுக்குச் சொல்லத்தான் ஒரு சாட்சி கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்குப் பூசை வைக்கும் கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் உங்கள் தம்பி கெஞ்சுவார். "மாமா பேரைக் கோயில்ல குடுத்துருவோம்க்கா, ஒரு பூசை வைக்கட்டும்." நீங்கள் மசிய மாட்டீர்கள். "பாத்தவுக ஒருத்தர் வந்து சொல்லட்டும். அப்பம் குடுப்போம்." ராமநாதபுரம் பக்கத்து ஆள் என்று யார் தாராவிக்கு வந்தாலும் போய்க் கேட்பீர்கள். படகு கட்டும் கயிறோடு ஒருத்தரைப் பார்த்தீர்களா என்று. யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் பம்பாய்க்கு வந்து பத்து வருஷம் ஆவதற்குள் படுத்துவிட்டீர்கள். கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லறைத் திருநாளுக்குச் சில நாள் இருந்தது. பிற்பகல், கோலிக்குள் புழுக்கம், கடற்கழியிலிருந்து அதே வாடை. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர எவளாவது மூடியிருப்பாளா தாயி?" என்றீர்கள்.

நான் சொன்னேன். மதுரைக்குப் போயிருந்தபோது ஒரு வயதான அம்மாவைப் பார்த்தேன், தனுஷ்கோடியில் பிழைத்தவர், கையில் படகுக் கயிறு சுற்றியபடி ஒருத்தர் கிடந்ததைப் பார்த்தாராம், முகத்தை மூடிவிட்டுத்தான் வந்தாராம் என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக நான் பேசியதே இல்லை.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "எத வச்சி மூடினா?"

"முந்தானையைக் கிழிச்சு."

"என்ன கலரு?"

உண்மையாகப் பார்த்தவருக்கு நிறம் தெரிந்திருக்கும். செவப்பு வார், கோணல் தையல் என்று சொன்னவர் நீங்கள். என்னால் ஒரு நிறத்தைச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குப் புரிந்துவிட்டது. உங்கள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

"போதும், தாயி" என்றீர்கள். "அவுக பேரக் குடுத்துருங்க."

நான் சொன்னது பொய்தான். எனக்காகப் பொய் சொல்ல நீங்கள் முற்றத்தில் நின்றீர்களே, அந்தக் கடனென்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. கோயிலில் நானும் உங்கள் தம்பியும் போய்ப் பெயர் கொடுத்தபோது இரண்டு பெயராகக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் முகத்தில் விரிக்க உங்கள் பெட்டியைத் திறந்தேன். மாமியார் அனுப்பிய துண்டுகளில் ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது.

காற்று இப்போது பலமாகிவிட்டது. ஜன்னல்களைச் சாத்திவிட்டேன், வாடை மட்டும் உள்ளேயே இருக்கிறது. என்னோடு இருக்கும் என் தம்பி மகள் என் கைப்பையில் எதையோ தேடும்போதெல்லாம் ஒரு வெள்ளைத் துண்டு கையில் சிக்குகிறது. "இது எதுக்கு அத்தை?" என்று கேட்டாள். மழைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தூங்கப் போகும்போது அதை எடுத்துத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொள்கிறேன், அக்கா. முதலில் வருகிறவர் என் முகத்தை எதைப் போட்டு மூடுவது என்று தேட வேண்டியிருக்காது.